வயிற்றுக் கோளாறுக்கு எந்த டெஸ்ட் எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

"டாக்டர், மோஷன் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமா, இல்ல எண்டோஸ்கோபியே பண்ணிடலாமா?" கும்பகோணத்தைச் சுற்றிப் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு லேப் சீட்டு, மடித்து மடித்துக் கிழிந்த பழைய ரிப்போர்ட், பாதி தீர்ந்த கேஸ் மாத்திரை அட்டை எல்லாம் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர்களும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: எதை முதலில் எழுதுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் பாசிட்டிவ் என்றால் ஒரு வைத்தியம், நெகட்டிவ் என்றால் வேறு வைத்தியம் என்று இருந்தால் மட்டும் அந்த டெஸ்டை எடுங்கள். எப்படி வந்தாலும் அதே மாத்திரைதான் என்றால் அந்தக் காசில் குழந்தைக்குப் பழம் வாங்கலாம்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

விலையைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள், நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது, மேலே சொன்னதுபோல, ரிசல்ட்டால் வைத்தியம் மாறுமா என்பது. அடுத்து, பொய்யான பாசிட்டிவ், பொய்யான நெகட்டிவ் எவ்வளவு சுலபமாக வரும், நம் ஊர் ஆட்களுக்கு அது கூடுமா குறையுமா. மூன்றாவது, டெஸ்டுக்கு முன்னால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், அதை நோயாளியிடம் யாராவது சொன்னார்களா. நான்காவது சாம்பிள் போகும் தூரம். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் காலை ஆறு மணிக்கு எடுத்த மோஷன் பஸ் மாறி லேபுக்குப் போய்ச் சேர்ந்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போகும்போது மணி பத்தாகியிருந்தால், அந்த நான்கு மணி நேரமும் ரிசல்ட்டின் ஒரு பகுதிதான்.

அதற்கப்புறம்தான் காசு. அதிலும் லேப் பில் மட்டும் கணக்கில்லை. நடவு நேரத்தில் ஒரு நாள் கூலி போவது, கூட வருபவரின் கூலி போவது, பொய் பாசிட்டிவ் வந்து தேவையில்லாமல் சாப்பிடும் ஆன்டிபயாடிக், அதனால் வரும் வயிற்றுப்போக்கு, இவை எதுவும் பில்லில் வராது.

## மேல்வயிற்று எரிச்சல்: எச். பைலோரிக்கு நான்கு வழி

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் எச். பைலோரி என்ற இந்தக் கிருமியைக் கண்டறிந்தார்கள், 2005-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். அல்சருக்குக் காரம்தான் காரணம் என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலான அல்சருக்குப் பின்னால் இருப்பது ஒன்று இந்தக் கிருமி, இல்லையென்றால் மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள். அதனால் எந்த டெஸ்டும் எழுதுவதற்கு முன்னால் "முட்டி வலிக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்பது முக்கியம். அதற்குச் செலவும் இல்லை.

| | ரத்தத்தில் ஆன்டிபாடி | மோஷனில் ஆன்டிஜென் | மூச்சு டெஸ்ட் | எண்டோஸ்கோபி, சதைத்துணுக்கு |
|---|---|---|---|---|
| இப்போது கிருமி இருக்கிறதா என்று சொல்லுமா | சொல்லாது | சொல்லும் | சொல்லும் | சொல்லும் |
| கேஸ் மாத்திரையை நிறுத்த வேண்டுமா | வேண்டாம் | 2 வாரம் | 2 வாரம் | 2 வாரம் |
| ஆன்டிபயாடிக் முடிந்து எவ்வளவு இடைவெளி | தேவையில்லை | 4 வாரம் | 4 வாரம் | 4 வாரம் |
| மருந்துக்குப் பிறகு குணமானதைப் பார்க்க | உதவாது | உதவும் | உதவும் | உதவும், ஆனால் இதற்காக மட்டும் வேண்டாம் |
| புண்ணையும் கட்டியையும் காட்டுமா | காட்டாது | காட்டாது | காட்டாது | காட்டும் |
| சின்ன ஊரில் கிடைக்குமா | சுலபமாக | பெரும்பாலும் வெளியூர் லேபுக்குப் போகும் | அரிது | பெரிய மருத்துவமனையில் |

### ரத்த டெஸ்ட்

விலை குறைவு, தெருமுனை லேபிலேயே கிடைக்கும், ஊசி குத்தி அரை மணியில் ரிசல்ட். இவ்வளவு வசதி இருந்தும் நான் இதை எழுதுவதில்லை. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடி, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். ஆகவே பாசிட்டிவ் என்று வந்தால், "எப்போதோ ஒரு காலத்தில் இருந்திருக்கிறது" என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அதை நம்பி இரண்டு வாரம் மூன்று நான்கு வகை மாத்திரையை விழுங்க வைப்பது நியாயமில்லை. மருந்து முடித்துவிட்டு "போயிடுச்சா" என்று இதே டெஸ்டைத் திரும்ப எடுப்பவர்களையும் பார்க்கிறேன், அது மறுபடியும் பாசிட்டிவாகத்தான் வரும், பயந்துபோய் மறுபடியும் மருந்து ஆரம்பிப்பார்கள். அல்சரில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது, கேஸ் மாத்திரையை நிறுத்தவே முடியாது என்ற நிலையில், மற்ற டெஸ்டுகள் நெகட்டிவாக வந்தும் சந்தேகம் தீராதபோது பெரிய மருத்துவமனையில் இதற்கு ஒரு இடம் உண்டு. அவ்வளவுதான்.

### மோஷன் ஆன்டிஜென்

நம் பகுதிக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆன்டிஜென் என்பது கிருமியின் சொந்தப் புரதம், அதனால் இப்போது உள்ளே கிருமி இருக்கிறதா என்று நேராகச் சொல்கிறது, சரியாகச் செய்தால் மூச்சு டெஸ்டுக்குக் கிட்டத்தட்ட சமம். சரியாக என்பதில்தான் சிக்கல். லேபில் எலைசா முறையில் செய்வது, அட்டை போன்ற ரேபிட் கிட்டில் செய்வதைவிட நம்பகமானது, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பிளைக் குளிர்ச்சியில் வைத்து அனுப்ப வேண்டும், சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் மதியம் வரை வைத்த டப்பாவை நம்ப முடியாது. தண்ணீராகப் போகும் பேதியில் எடுத்தாலும் துல்லியம் குறையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கேஸ் மாத்திரை. பான்டோப்ரசோல், ரபேப்ரசோல், ஒமிப்ரசோல் எதுவானாலும் கிருமியை அடக்கி வைத்து, இருக்கும்போதே இல்லை என்று காட்டிவிடும். 2 வாரம் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எரிச்சல் கூடும், அந்த நாட்களுக்கு ஆன்டாசிட் சிரப்பை வைத்துச் சமாளிக்கலாம். இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களும் ஏற்கெனவே அல்சரில் ரத்தம் போனவர்களும் மட்டும் தாங்களாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு மருத்துவர்தான் வழி சொல்ல வேண்டும்.

### மூச்சு டெஸ்ட்

யூரியா கலந்த நீரைக் குடித்து, முன்னும் பின்னும் ஊதிய மூச்சை ஒப்பிடுவார்கள். வெறும் வயிறு வேண்டும். துல்லியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருச்சி, தஞ்சாவூர் என்று போய், ஒரு நாளை அதற்கே ஒதுக்க வேண்டியிருந்தால், மோஷன் ஆன்டிஜெனைவிட அதிகம் கிடைக்கப்போவது என்ன என்று யோசியுங்கள். அங்கேயே வசிப்பவர், மோஷன் எடுத்துக்கொடுக்கக் கூச்சப்படுபவர், மருந்து முடித்து 4 வாரம் கழித்துக் குணமானதா என்று பார்க்க வேண்டியவர், இவர்களுக்கு இது நல்ல தேர்வு. குடிக்கும் யூரியாவில் கார்பன் 14 உள்ள வகையில் மிகச் சிறிய அளவு கதிரியக்கம் உண்டு, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கார்பன் 13 வகைதான்.

### எண்டோஸ்கோபி

வாய் வழியாகக் கேமரா குழாயை இறக்கி இரைப்பையைப் பார்ப்பார்கள். பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, பத்து நிமிட வேலை. ஆனால் முப்பது வயதில், எடை குறையாமல், ரத்தம் போகாமல், அவசரமாகச் சாப்பிட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்து நெஞ்சு கரிக்கிறவருக்கு இது முதல் படி இல்லை. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக இந்தத் தொந்தரவு ஆரம்பித்தால் நான் தயங்காமல் அனுப்புகிறேன். அறுபதுக்கு மேல் எண்டோஸ்கோபி என்று வெளிநாட்டு வழிகாட்டுதல்கள் சொல்வதுண்டு. இங்கே இரைப்பைப் புற்றுநோய் ஆண்களுக்கு அரிதான ஒன்றல்ல, வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் இருக்கிறது, எனவே அவ்வளவு காலம் காத்திருப்பது சரியில்லை என்பது என் கருத்து.

## பேதி நிற்கவில்லை: எந்த மோஷன் டெஸ்ட்?

இரண்டு மூன்று நாள் தண்ணீராகப் போகிறது, ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் எந்த டெஸ்டும் வேண்டாம். உப்பு சர்க்கரைக் கரைசல், குழந்தைகளுக்கு அதோடு துத்தநாக மாத்திரை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கொட்டினால், ஒரே தெருவில் நான்கைந்து பேருக்கு வந்தால், அது வேறு விஷயம், உடனே சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

சாதாரண மோஷன் டெஸ்ட். மலிவு, அரசு மருத்துவமனைகளில் இலவசம். காவிரி டெல்டாவில் இதற்கு நல்ல பயன் உண்டு. செருப்பில்லாமல் வயலில் இறங்கி நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு தோல் வழியாகவே ஏறும், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை 1 முதல் 19 வயதுக்காரர்களுக்கும், தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும்தான், அந்த வயதைத் தாண்டி நடவு நடும் அம்மாவுக்கு அது கிடைப்பதில்லை.

ஆனால் ஒரே ஒரு சாம்பிளில் இல்லை என்று வந்தால் அதை முடிவாக எடுக்கக் கூடாது, வேறு வேறு நாட்களில் மூன்று எடுத்தால்தான் நம்பலாம். அசையும் அமீபா, உடலை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடும், எனவே சளியும் ரத்தமுமாகப் போகிறவர் லேபுக்கே போய் எடுத்துக்கொடுப்பது நல்லது. இன்னொன்று, வெப்பமான இடத்தில் ஒரு நாள் கிடந்த சாம்பிளில் கொக்கிப்புழு முட்டை பொரிந்து லார்வா வெளியே வந்துவிடும், அதைப் பார்ப்பவர் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற வேறொரு புழு என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு.

"அமீபா சிஸ்ட் இருக்கு" என்ற வரியைப் பார்த்ததும் மெட்ரோனிடசோல் வாங்கிவிடாதீர்கள். நோய் தரும் அமீபாவும் தொந்தரவே செய்யாத அதன் உறவுக்கார அமீபாவும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். சிவப்பணுவை விழுங்கிய அமீபா என்று லேப் எழுதியிருந்தால் அப்போது அர்த்தம் வேறு.

மோஷன் கல்ச்சர், அதாவது மலத்திலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. சீதபேதி, அதிகக் காய்ச்சல், எதிர்ப்புசக்தி குறைந்தவர், ஊரே பாதிக்கப்பட்ட சூழல், இவற்றுக்கு மட்டும். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாளாகும், அதற்குள் சாதாரண பேதி தானாகவே நின்றிருக்கும். முதல் ஆன்டிபயாடிக் மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுத்தால்தான் பயன்.

கால்ப்ரொடெக்டின். மாதக்கணக்கில் வயிறு வலிக்கிறது, ஒருநாள் பேதி, ஒருநாள் மலச்சிக்கல், மலம் போனால் வலி குறைகிறது. இது குடலின் எரிச்சல் கோளாறா, இல்லை குடல் அழற்சி நோயா என்பதுதான் கேள்வி. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் புரதம் கால்ப்ரொடெக்டின். மோஷனில் இதைப் பார்த்தால், கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கொலனாஸ்கோபி (மலவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) இல்லாமலே சமாளிக்கலாம். 250-க்கு மேல் என்றால் கொலனாஸ்கோபி. நடுவில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஆகக் கையிலுள்ள பணம் ஒரு தடவைக்கா இரண்டு தடவைக்கா என்று முதலிலேயே யோசிக்க வேண்டியது இதில்தான். சாம்பிள் சில நாள் தாங்கும் என்பதால் வெளியூர் லேப் ஒரு பிரச்சினை இல்லை. வலி மாத்திரையும் சமீபத்திய பேதியும் எண்ணை ஏற்றிவிடும்.

இதில் நம் நாட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை: குடல் காசநோயிலும் இந்த எண் ஏறும். அதிகமாக வந்த கால்ப்ரொடெக்டினை வைத்துக்கொண்டு, குடலைப் பார்க்காமல், துணுக்கு எடுக்காமல் ஸ்டீராய்டு ஆரம்பிப்பது ஆபத்து. ஏற்கெனவே மலத்தில் ரத்தம் போகிறவருக்கும், எடை குறைந்தவருக்கும் இந்த டெஸ்டே வேண்டாம், நேராகக் கொலனாஸ்கோபி. காசு முடை என்றால் சிபிசியும் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), சிஆர்பியும் (அழற்சியைக் காட்டும் ரத்த டெஸ்ட்) எடுக்கலாம், அவை நார்மலாக வந்தால் ஓரளவு ஆறுதல், முழு உத்தரவாதம் இல்லை.

## ரத்தம் குறைகிறது: சிபிசியா, மறைரத்த டெஸ்டா?

எல்லா வயிற்றுத் தொந்தரவுக்கும் ஒரே ஒரு ரத்த டெஸ்ட்தான் எழுதலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் சிபிசியை எழுதுவேன். ஹீமோகுளோபின், சிவப்பணுவின் அளவு, இயோசினோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை மூன்றும் ஒரே தாளில் வந்துவிடுகிறது. இயோசினோஃபில் ஏறியிருந்தால் புழுவைத் தேடலாம். ஆண்களுக்கு 13-க்குக் கீழ், பெண்களுக்கு 12-க்குக் கீழ் ஹீமோகுளோபின் இருந்து, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடினும் குறைந்திருந்தால் இரும்புச்சத்து எங்கோ கசிகிறது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும் இப்படி வந்தால் வெறும் இரும்பு மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடாது. கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுங்கள், ஆனால் அறுபது வயது விவசாயிக்கு அதோடு நிறுத்திக்கொண்டால் பெருங்குடல் புற்றுநோயைத் தவறவிடும் அபாயம் இருக்கிறது.

இந்த இடத்தில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் மறைரத்த டெஸ்ட் எடுத்து "நெகட்டிவ், பயமில்லை" என்று சொல்வதுதான் நான் பார்க்கும் பெரிய குழப்பம். இரும்புக் குறைவு உறுதியான பிறகு அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை, கசிவு விட்டுவிட்டு வரும். பழைய குவாயக் முறை ஆட்டுக்கறி சாப்பிட்டாலும் பாசிட்டிவ் காட்டும், வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் மறைக்கும். புதிய எஃப்ஐடி முறை மனித ரத்தத்தை மட்டும் கண்டுபிடிக்கும், பத்தியம் தேவையில்லை. ஆனால் இரைப்பையிலிருந்து வரும் ரத்தம் வழியிலேயே செரித்துப்போவதால் அதற்குத் தெரியாது, கோடை வெப்பத்தில் சாம்பிள் கிடந்தாலும் பொய் நெகட்டிவ் வரும். தொந்தரவு எதுவும் இல்லாத, ரத்தசோகையும் இல்லாத ஐம்பதைத் தாண்டியவருக்கு முன்கூட்டியே பார்க்க எஃப்ஐடி நல்ல டெஸ்ட்.

## திடீரென்று கடும் வலி

மேல்வயிற்றில் பிடித்து வியர்த்தால் முதலில் இசிஜி. "கேஸ் பிடிச்சிருக்கு" என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த மாரடைப்புகள் இங்கே ஏராளம், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

கணையம் என்று சந்தேகம் வந்தால், ரத்தத்தில் பார்க்கும் கணைய நொதிகளில் லிப்பேஸ் மட்டும் போதும். இன்னொரு நொதியான அமிலேஸ் சில நாட்களிலேயே இறங்கிவிடும், பொன்னுக்கு வீங்கியிலும் ஏறும், ட்ரைகிளிசரைடு அதிகமானவருக்குக் கணைய அழற்சி இருக்கும்போதே நார்மலாகக் காட்டவும் செய்யும். இரண்டையும் சேர்த்து எழுதுவதால் கூடுதலாக ஒன்றும் தெரியாது. கண் மஞ்சளாக இருந்தால் எல்எஃப்டி என்ற கல்லீரல் டெஸ்ட் எடுக்கலாம், ஆனால் பித்தப்பைக் கல் அதில் தெரியாது, அதற்கு ஸ்கேன்தான். மழைக்காலத்தில் வயல் வேலை செய்பவருக்குக் காய்ச்சலும் மஞ்சளும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலையும் நினைவில் வையுங்கள்.

## பால், கோதுமை, அலர்ஜி பேனல்

பால் ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்க்க லேபே வேண்டாம். இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள், நம் ஊரில் அதில் காலை, மாலை டிகிரி காபியும் அடங்கும், பலர் அதை மறந்துவிட்டு "பால் குடிக்கிறதே இல்லை" என்பார்கள். உப்புசமும் பேதியும் குறைந்து, திரும்பக் குடித்ததும் வந்தால் விடை கிடைத்துவிட்டது. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

கோதுமைக்கான டிடிஜி டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான், ஆனால் அது தேடும் சீலியாக் நோய் (கோதுமையின் குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) வட இந்தியாவில் இருக்கும் அளவுக்குத் தெற்கில் இல்லை. வளர்ச்சி குன்றிய குழந்தை, எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் ஏறாத ரத்தம், இப்படிக் காரணம் இருந்தால் எடுங்கள், கூடவே ஐஜிஏ என்ற ஆன்டிபாடியின் மொத்த அளவும். சப்பாத்தியை நிறுத்திவிட்டு எடுத்தால் பொய் நெகட்டிவ் வரும்.

நூறு உணவுக்கு ஐஜிஜி என்ற ஆன்டிபாடியைப் பார்க்கும் "ஒவ்வாமை பேனல்" எடுக்கவே வேண்டாம். நாம் சாப்பிட்ட உணவுக்கு ஐஜிஜி உருவாவது இயல்பு. அதை நம்பி கத்தரிக்காய், பயறு, முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி எலும்பும் தோலுமாக வருபவர்களைப் பார்க்கும்போது மனது வேதனைப்படுகிறது.

## முழு உடல் பேக்கேஜ்

மலிவாகத் தெரியும், அதுதான் அதன் கவர்ச்சி. ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் வரம்பைத்தான் நார்மல் என்று அச்சிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது நார்மலுக்கு வெளியே என்று தடித்த எழுத்தில் வர 64 சதவீதம் வாய்ப்பு, இது வெறும் கணக்கு. அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், திரும்ப ரத்தம், தஞ்சாவூர் போய் ஒரு ஸ்பெஷலிஸ்ட் என்று செலவு நீளும். பேக்கேஜில் சேர்த்துவரும் சிஇஏ, சிஏ 19-9 போன்ற புற்றுநோய்க் குறியீடுகள் நோயைக் கண்டுபிடிக்க உதவாது, ஏற்கெனவே உறுதியான நோயைக் கண்காணிக்க உருவானவை அவை. மலச்சிக்கல்காரருக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), சர்க்கரை இரண்டும் தனியாக எடுத்தால் பேக்கேஜின் பயனில் முக்கால்வாசி வந்துவிடும்.

## டெஸ்ட் சீட்டையே தள்ளிவைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள்

விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு மலம் போகிறது, ரத்த வாந்தி, நிற்காத வாந்தி, வயிற்றில் தட்டுப்படும் கட்டி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குடல், இரைப்பைப் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளூர் லேபில் நாள் கடத்த வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர்கள் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ எது பக்கமோ அங்கே போகலாம். ரத்த வாந்தி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், பஸ்ஸுக்கு நிற்காதீர்கள்.

போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே, நாட்டுமருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கேஸ் மாத்திரையைக் கடைசியாக என்றைக்குப் போட்டீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், எண்டோஸ்கோபியில் துணுக்கு எடுப்பவர் அதைக் கட்டாயம் கேட்பார்.